வெல்ல வாசம் உண்மைதான், சரோஜா

வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே ஊரைச் சுற்றிவந்த என் சரோஜாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. கல்யாணமான நாளிலிருந்து உனக்கு ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொன்னால் போதுமென்றால் போட்டோ முன்னால் நின்று சொல்லியிருப்பேன். இது நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டிய விஷயம்.

நீ சொன்னதுதான் சரி. தப்பு என்மேல்தான்.

போன வருடம் காப்பிப் பழம் பறிக்கிற சமயம். ஊர்ப் பிள்ளைகளை உன் வேனில் கொண்டுபோய் ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நாகலூருக்குத் திரும்பியவள், சாவியைக்கூட முந்தானையில் முடியாமல் வாசலில் நின்றே சொன்னாய். "ஏனுங்க, மேடு ஏறும்போது வண்டிக்குள்ள வெல்லம் காச்சற வாசம் வருதுங்க. என்னன்னு பாருங்க."

எஸ்டேட்டில் முப்பது வருடமாகப் பம்பையும் மோட்டாரையும் பிரித்துப் பூட்டியவனல்லவா நான்? மறுநாள் விடிந்ததும் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "உனக்கு உங்கப்பன் ஊட்டு ஆலைக்கொட்டாய் நெனப்பு வந்திருச்சு புள்ள. ஒரு வாரம் போய் இருந்துட்டு வா" என்று சிரித்தேன். கரும்புப்பாகு கொதிக்கிற கொட்டாயிலேயே வளர்ந்தவள் நீ. அந்த வாசத்தில் உனக்குத் தடுமாற்றம் வருமா? அதை நான் யோசிக்கவில்லை. நீ சிரிக்கவும் இல்லை. பிறகு இரண்டு தடவை சொன்னாய். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாய். வாசம் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வாரக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, வண்டி இரண்டு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. விற்றுவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. பிள்ளைகளின் அம்மாக்கள்தான் வந்து நின்றார்கள். நானே ஓட்ட ஆரம்பித்தேன். முதலில் வளைவுகளில் உன்னைப் போலக் கை திரும்பவில்லை. இப்போது நன்றாகவே திரும்புகிறது, நம்பு. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட் குறையும்போதெல்லாம், பழைய வண்டி குடிக்கத்தான் செய்யும் என்று ஊற்றிவிட்டு ஓட்டினேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், பதினோரு பிள்ளைகளோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மேட்டில் வாசம் வந்தது. வெல்லப்பாகு வாசமேதான். ஏதோ ஒரு வீட்டில் பலகாரம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன், சரோஜா. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? அடுத்த வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது.

நம் வண்டி ஆயா பொன்னம்மாதான் அன்று காப்பாற்றினாள். நான் பிரேக்கிலிருந்து கால் எடுப்பதற்குள் பிள்ளைகளை இறக்கிச் சாலையோரம் வரிசையாக நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த பஸ்ஸை மறித்து எல்லோரையும் ஏற்றி, கண்டக்டரிடம் ஒவ்வொரு பிள்ளையும் இறங்கும் இடத்தைச் சொன்னாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு பின் சீட்டுக்கு அடியில் கைவிட்டு இரண்டு தண்ணீர் கேன்களை இழுத்தாள்.

"இது யார் வெச்சது பொன்னம்மா?"

"அக்காதானுங்கண்ணா. சாயங்காலம் பள்ளிக்கூடத்துல வண்டி எடுக்கறதுக்கு முன்னால தெனமும் தண்ணி பாத்து ஊத்திட்டுத்தான் கெளம்புவாங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். 'அவரு பாத்துட்டாரு, ஒண்ணுமில்லைன்னுட்டாரு. புள்ளைங்க இருக்குதே, நாம பாத்துக்குவோம்'னாங்க."

நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நீ மூன்றாம் தடவையோடு நிறுத்தியது வாசம் போய்விட்டதால் அல்ல, நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்ததால். எத்தனை மாதம் அப்படித் தண்ணீர் ஊற்றினாய்? ஒருநாளாவது என்மேல் கோபம் வரவில்லையா?

எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் குனிந்து பார்த்தேன். பிள்ளைகளுக்குக் குளிரக்கூடாது என்று பின் சீட்டுக்கும் ஹீட்டர் உள்ள வண்டியாகத் தேடி வாங்கினாயே, அந்த ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகிற ரப்பர் குழாய்கள் பிரியும் இடத்தில் நான்கு பிளாஸ்டிக் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் முடி அளவு விரிசல். சூடேறினால்தான் அது வாய் திறக்கிறது. கசிந்த கூலண்ட் எஞ்சின் சூட்டில் உடனே காய்ந்து வெல்ல வாசமாகிவிடுகிறது. குளிர்ந்த வண்டியைக் காலையில் திறந்து பார்த்தவனுக்கு என்ன தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கார முருகேசன், பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லோரையும் தன் கடைமுன் கூட்டியிருந்தான். "ஏனுங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கும் வயசாயிருச்சு. நாங்க வேற வண்டி பாத்துக்கறமுங்க" என்றான்.

வண்டி பழசு, பாகம் மட்டம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை. "என் சம்சாரம் சொன்னா, நான் கேக்கலை. அதான் நடந்துச்சு" என்றேன். "ஒரு வாரம் குடுங்க. சரி பண்ணிட்டு, முருகேசா, உன்னையே முன் சீட்டுல உக்கார வெச்சு அடிவாரம் வரைக்கும் போய்ட்டு வர்றேன். முள்ளு ஏறுச்சுன்னா வேற வண்டி நானே புடிச்சுத் தர்றேன்."

பின்வரிசையில் ஓர் அம்மா, "அக்கா சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். அதற்கப்புறம் ஒரு வாரம் தர ஒத்துக்கொண்டார்கள்.

சேலத்தில் உதிரிபாகக் கடையில் முதலில் அதே பிளாஸ்டிக்கைத்தான் எடுத்து வைத்தார்கள். பித்தளையில் வேண்டும் என்றேன். மூன்று கடை ஏறி இறங்கி, அளவு பார்த்து நான்கு வாங்கினேன். குழாயை இறுக்குகிற புதுக் கிளாம்புகளும் கூலண்டும் சேர்த்து.

வண்டி முழுக்க ஆறியபின் கூலண்டை டப்பில் இறக்கினேன். விரிசல் விட்டதைத் தொட்டதும் வர்க்கி போல உதிர்ந்தது. ஒரு துண்டு குழாய்க்குள் விழுந்துவிட்டது. அதை விட்டுவிட்டால் ரேடியேட்டரில் போய் அடைக்கும். குழாயைக் கழற்றி, கொக்கிக் கம்பி விட்டுத் துழாவி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எடுத்த துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து, ஒன்றும் குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

நான்கில் இரண்டு பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பக்கத்தில் நின்ற பொன்னம்மா, "இதையும் மாத்தணுமுங்களாண்ணா?" என்றாள். விரலால் அழுத்தினேன். கடக்கென்று உடைந்தது. நன்றாக இருப்பதாக நான் சொன்னால் நன்றாக இருந்துவிடுமா? நான்கையும் மாற்றினேன். குழாய் முனைகள் இறுகிப்போயிருந்த இடத்தை வெட்டி, பித்தளையை உள்ளே தள்ளி, கிளாம்பை முறுக்கினேன். கூலண்ட் ஊற்றி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் போகும்வரை எஞ்சினை ஓடவிட்டேன். பின் சீட்டுப் பக்கம் சூடான காற்று வந்தபோது பொன்னம்மா கையை நீட்டிக் காட்டிச் சிரித்தாள்.

இன்று காலை போய்வந்தோம். முருகேசன் முன் சீட்டில், பொன்னம்மா பின்னால். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். முள் பாதிக்குக் கீழே ஆணி அடித்தது போல நின்றது.

மேலே வந்து வண்டியை நிறுத்தியதும், "நாளைக்குப் புள்ளைய அனுப்பறனுங்கண்ணா. மத்தவங்ககிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றான்.

"அக்காவா இருந்தா கண்ணாடிய ஏத்திவிட்டு ஒருதரம் மோந்து பாத்துட்டுத்தான் நம்புவாங்க" என்றாள் பொன்னம்மா. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மூன்று பேரும் மூச்சை இழுத்துப் பார்த்தோம். சீட்டு ரெக்சின் வாசமும், முருகேசன் மடியிலிருந்த வாழைப்பழ வாசமும் மட்டும்தான்.

இன்னொரு செய்தி. பொன்னம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள். டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டாள். லைசென்ஸ் கையில் வந்ததும் காலை டிரிப்பை அவளிடம் விடப்போகிறேன். உனக்குச் சம்மதம்தானே? நீ இருந்திருந்தால் என்னைக் கேட்காமலே சாவியைக் கொடுத்திருப்பாய்.

நாளைக் காலை ஏழே காலுக்கு நாகலூர் ஸ்டாப்பில் வண்டி நிற்கும். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். இந்த வண்டியை ஓட்டுகிறவள் வந்து "ஏனுங்கண்ணா, என்னமோ சரியில்லீங்க" என்று சொன்னால், அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் பானட்டைத் திறந்திருப்பேன். இரண்டாம் தடவை சொல்ல விடமாட்டேன்.

மூன்று தடவை சொல்லியும் கேட்காத, இப்போது கேட்டுக்கொண்ட
உன் வீட்டுக்காரன்,
ஆறுமுகம்