அடிக்காமல் போன ஐந்தாவது பெனல்டி

மச்சான்,

சுண்ணாம்புத் தூளின் வாசம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நேற்றுக் காலை நம் கடற்கரை மைதானத்தில் நானே குனிந்து நின்று கோடு போட்டேன். தேசிய நொக் அவுட் உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டி மறுபடியும் கல்முனைக்கு வந்தது. யாரோடு மோதினோம் தெரியுமா? அதே கொழும்புக் கழகத்தோடு. நீ இருந்திருந்தால் ஒரு கிழமைக்கு முன்பிருந்தே உனக்குச் சோறு இறங்கியிருக்காது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அக்கரைப்பற்றில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, லொறிச் சில்லோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்றார்கள். தேவாலயத்தில் உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உன் கைக்கு வரவேண்டிய ஒன்றைக் கடைசிவரை தராமலே அனுப்பிவிட்டார்களே என்ற ஆத்திரம்.

இதே கிண்ணத்துக்கு நாம் ஆடிய அந்த வருஷம் நம் இரண்டு பேருக்குமே முப்பது தாண்டியிருந்தது. நீ கோல் கீப்பர், அணித் தலைவனும் நீதான். நான் உனக்கு முன்னால் வலப்பக்கம் காவல். பகலில் நீ அரிசி ஆலை லொறி ஓட்டினாய், நான் புடவைக் கடையில் சீத்தைத் துணி கிழித்தேன். மாவட்டத்தைத் தாண்டுவோம் என்றே யாரும் நினைக்கவில்லை. திருகோணமலையில் கொட்டும் மழையில் ஒரு கோலால் வென்றோம். அடுத்தது குருநாகல். அங்கே ஆட்டம் சமனாகி பெனல்டிக்குப் போனது. நீ இரண்டைப் பிடித்தாய். அடுத்த நாள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உன் படம் வந்தது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிற படம். திரும்பி வரும்போது பஸ்ஸின் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, "இனிக் கொழும்புக்காரன் இஞ்ச வரட்டும். கல்முனை மணல்ல ஓடிப் பாக்கட்டும்" என்றாய். பஸ்ஸே அதிர்ந்தது.

காலிறுதிக்கு அந்தக் கொழும்புக் கழகம் வந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு என்று எல்லா ஊர்ச் சனமும் பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே மைதானத்தைச் சுற்றி நின்றது. ஆனால் ஆட்டத்தை நடத்த வேண்டியவர்களைக் காணவில்லை. வழியில் எங்கேயோ பகல் சாப்பாட்டுக்கு நின்றுவிட்டார்களாம். அவர்களின் வான் வந்து நின்றபோது வெயில் சாய்ந்துவிட்டது. மார்கழி மாதத்தில் நம் கரையில் எவ்வளவு சுருக்காக இருட்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாம் சொன்னோம். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கொன்று. நேரே பெனல்டி. நாங்கள் முதலில் அடித்தோம். ஐந்தில் நான்கு உள்ளே போனது. அவர்களின் நான்கில் ஒன்றை நீ தட்டிவிட்டாய். மூன்று கோல். மிச்சம் ஒரேயொரு அடி. அதை நீ பிடித்தால் நாம் அரையிறுதியில். அவர்களின் ஒன்பதாம் இலக்கக்காரன் பந்தைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. அப்போதுதான் போட்டி ஆணையாளர் கையை உயர்த்திக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். வெளிச்சம் போதாதாம்.

சனம் கத்தவில்லை மச்சான், அதுதான் அதிசயம். யாரும் சொல்லாமலே மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டோக்களையும் கோலுக்கு இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு வந்து லைட்டைப் போட்டார்கள். கம்பம், வலை, நீ, எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. லொறி ஓட்டிப் பழகிய உன் சிங்களத்தில் அவரிடம் கெஞ்சினாய். "எனக்குப் பந்து தெரியுது சேர். பிடிக்கிறவன் நான். நானே சொல்றன், அடிக்கச் சொல்லுங்க."

அவர் கேட்கவில்லை. ரூல்ஸ் என்றார். எந்த ரூல் என்று நான் கேட்டேன். புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வானில் ஏறிவிட்டார். நீ கையுறையைக் கழற்றாமல் கோலுக்குள்ளேயே நின்றாய். லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அந்த ஒரு அடியை மட்டும் அடிக்க வைப்பார்கள் என்று நம்பினோம். முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து ஆடவேண்டும், அதுவும் கொழும்பில், அடுத்த மாதம், கிழமை நடுவில் ஒரு வேலை நாளில் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நம் நடுக்களக்காரன் ஆசிரியர், பரீட்சை மேற்பார்வையில் அகப்பட்டுக்கொண்டான். முன்னால் விளையாடும் சகோதரர்கள் இருவருக்கும் வயலில் அறுவடை மெஷின் வந்து நின்றது. பெஞ்சில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு போனோம். அந்த மைதானத்தில் நான்கு மூலையிலும் விளக்குக் கோபுரம் இருந்தது. ஆட்டம் காலை பத்து மணிக்கு. நீ அண்ணாந்து அந்தக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகத்தோடு என்னைப் பார்த்தாய். இரண்டு கோலால் தோற்றோம். அவர்கள் அந்த வருஷக் கிண்ணத்தையும் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை தேநீர்க் கடைகளில் இதையே கதைத்திருப்போம். ஒரு நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் சாப்பிட என் வீட்டுக்கு வந்த இடத்திலும் நீ அதையே தொடங்க, என் மனைவி, "அண்ணன், இண்டைக்காவது அந்தக் கதைய விடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருநாள் நான், "வாடா, நான் அடிக்கிறன், நீ பிடி. அத்தோட முடிச்சிருவம்" என்றேன். நீ கோபித்துக்கொண்டாய். "உன்ட அடி எனக்கு எதுக்கு? அவன்ட அடிதான் வேணும்" என்றாய். நான் பகிடி விட்டதாக நினைத்தாயோ தெரியாது, இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

நேற்று அவன் வந்தான் மச்சான். அந்த ஒன்பதாம் இலக்கக்காரன். தொப்பை வைத்து, தாடி நரைத்து, இப்போது அவர்களின் பயிற்சியாளன். ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கியது. ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு நான் மூன்று நாளாகத் தொலைபேசியில் கொடுத்த தொல்லை அப்படி. நல்ல வெளிச்சத்தில் ஒரு கோலால் தோற்றோம். ஏசுவதற்கு ஆளில்லாத தோல்வி.

முடிந்ததும் அவனிடம் போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, அண்ணன் முறைக்கு நானா போட்டே பேசினான். "நானா, அந்தக் கீப்பர் எங்க? பெரிய கை உள்ளவர்?"

நீ போய்விட்டதைச் சொன்னேன். 

"எந்தப் பக்கம் அடிக்க இருந்தீங்க?" என்று கேட்டேன். இத்தனை வருஷமாக நீ கேட்க இருந்த கேள்வி அது.

"பக்கமா? அந்த லைட் வெளிச்சத்துல அவர் கைய விரிச்சிட்டு நின்டார். எனக்குக் கோலே தெரியல்ல நானா, அவர் மட்டும்தான் தெரிஞ்சார். ஒரு முடிவும் எடுக்கல்ல. நிப்பாட்டினதும் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிட்டுப் பந்தக் கீழ வெச்சன்."

இதைச் சொல்ல இவனுக்கு இத்தனை வருஷமா வேண்டும்? ஒரு வருஷம் முந்தி, ஒரு தொலைபேசியில் சொல்லியிருக்கக் கூடாதா? லொறியை வழியில் நிறுத்திவிட்டு, ஊர் முழுக்க ஓடிச் சொல்லியிருப்பாய் நீ. என்னிடம் சொல்லி நான் என்ன செய்ய? இரவு உன் வீட்டுப் பக்கம் போய்க் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, உன் மனைவியைக் கூப்பிடாமலே திரும்பி வந்தேன்.

அதற்கு முன், பஸ்ஸில் ஏறப்போகும்போது அவன் என் தோளைத் தட்டினான். "விடுங்க நானா. பழைய மெச்தானே."

ஓம் என்று தலையாட்டினேன். அவர்களின் பஸ் பிரதான வீதியில் ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

விடவில்லை மச்சான்.