வளையத்தின் மேல்பக்க அம்பு

மார்ச் 4, செவ்வாய்

வெட்டிய எலும்பு விலகத் தொடங்கிவிட்டது. சொன்னவர் அறுவை செய்த டாக்டர். ஆதாரம் இன்று காலை எடுத்த எக்ஸ்ரே. முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு கறுப்புக் கீற்று. நகக்கண் அளவுகூட இல்லை. அதன்மேல் விரல் வைத்துக் காட்டினார்.

"இந்தச் சந்துலதான் புது எலும்பு வளரப்போகுது. நீங்க மெதுவா இழுத்துக்கிட்டே இருந்தா அது மெதுவா நிரம்பிக்கிட்டே வரும். அவசரப்பட்டா நிரம்பாது. நிறுத்தினா ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா மறுபடி வெட்டணும்."

என் மகள் வாலுவுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது இடது கால் எலும்பில் சீழ் பிடித்து, எலும்பு வளரும் இடம் பாதி கெட்டுவிட்டது. கால் வில்லாக வளைந்தது, குட்டையாகவும் போயிற்று. இப்போது அந்தக் காலைச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கணுக்காலுக்கு மேலே ஒன்றுமாக இரண்டு உலோக வளையங்கள். இரண்டையும் இணைக்க நான்கு கம்பிகள். மேல் வளையத்தில் கம்பிக்கு ஒன்றாக நட்டு. அந்த நட்டுகளை வீட்டில் நாங்கள்தான் திருக வேண்டும், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. வளையங்கள் விலகும், கூடவே எலும்பும். முதலில் நீளம். வளைவை நிமிர்த்துவது அதற்குப் பிறகு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வாலு கேட்டாள். "இன்னொரு தடவை வெட்டமாட்டாங்கல்ல?"

மாட்டாங்க என்றேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன்?

மார்ச் 5, புதன்

காலையில் திருகியவள் அவள் அம்மா. வாலு தலையணையைக் கடித்துக்கொண்டாள். நான் குழாயடியில் போய் முகம் கழுவினேன், ஏற்கெனவே கழுவியிருந்தும்.

மார்ச் 7, வெள்ளி

திங்கள் முதல் எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில் மாலைப் பணி. ஆசிரியரிடம் மாற்றிக் கேட்டேன், ஆளில்லை என்றார். மாலையில் திருக யார்? மனைவி வேலை முடிந்து வரத் தாமதமாகும். அவள் தம்பி தானாக முன்வந்தான். இரண்டு தெரு தள்ளி பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

"நட்டு திருகறதுக்கு ஆளைத் தேடுறீங்களா மச்சான்? குளத்துல நின்னுக்கிட்டு தண்ணிக்கு எங்க போறதுன்னு கேட்ட கதையால்ல இருக்கு."

"இது பைக் இல்லடா" என்றாள் அக்காக்காரி.

"பைக்கா இருந்தா டிரிப்பிள்ஸ்கூடப் போகலாம். இவ ஒரு ஆள்தானே."

வாலு சிரித்தாள். அறுவைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

அவனோடு உட்கார்ந்து எல்லாம் காட்டினேன். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மருத்துவமனை டெக்னீஷியன் மேல் வளையத்தின் அடியில், பாதத்தைப் பார்த்த பக்கத்தில், நீல மையால் அம்பு போட்டிருந்தார். தினமும் உப்பு நீரால் துடைத்துத் துடைத்து அது மங்கிவிட்டது. மனைவிக்கு அது தேவையில்லை. வாலுவின் பாதத்தருகே உட்கார்ந்து திருகுவாள், கைக்கே பழகிவிட்டது. மைத்துனனுக்கோ வாலு மடியில் வேண்டும். அவன் மார்பில் சாய்ந்துகொண்டு போனில் பூனை வீடியோ பார்த்தால்தான் காலைக் காட்டுவாளாம். அப்படி உட்கார்ந்தால் அவனுக்கு வளையத்தின் மேல்பக்கம்தான் தெரியும்.

"மேலயும் ஒரு அம்பு போட்டுட்டா முடிஞ்சுது" என்றான். சிவப்பு மார்க்கரால் போட்டான். "சரியா இருக்கா பாருங்க மச்சான். பேப்பர்ல ஒரு எழுத்து மாறினா ஊரே சிரிக்குமே, அந்தக் கண்ணால பாருங்க."

குனிந்து அடியில் இருந்த அம்பைப் பார்த்தேன். நிமிர்ந்து மேலே பார்த்தேன். இரண்டும் கடிகார முள் சுற்றும் பக்கம். அச்சு அசல்.

சரி என்றேன்.

மார்ச் 10, திங்கள்

அலுவலகத்தில் இருந்தபோது போன் செய்தேன். "ஆச்சு மச்சான். வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி சுத்துச்சு" என்றான். வளையத்தை எலும்போடு பிடித்திருக்கும் ஊசிக்கம்பிகள் தோலில் நுழைகிற இடங்கள் சிவந்திருக்கின்றனவா என்று கேட்டேன். இல்லையாம். மறுபடி கேட்டேன். இல்லையாம்.

மார்ச் 12, புதன்

வீட்டில் ஒரு சண்டை. சண்டை என்று சொல்லக்கூடாது.

வாலு சொன்னாளாம்: "மாமா திருகினா வலிக்கவே வலிக்காது. அம்மா திருகினாதான் வலிக்கும்."

மைத்துனன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "கைராசிக்கா, கைராசி. என்ஜினே என் கை பட்டா முனகாது."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பிள்ளை ஏதோ சொல்லுது, விடு" என்றேன். அது உதவவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நல்ல வாரம். பிசியோ சொல்லித்தந்தபடி பாதத்தை மேலே மடக்கிப் பிடிக்கும்போது முன்பெல்லாம் கெண்டைச் சதை விறைத்து நிற்கும். இப்போது சுலபமாக வருகிறது. வாலு வாக்கரைப் பிடித்துச் சமையலறை வரை போய்வந்தாள். பக்கத்து வீட்டம்மா கதவருகே நின்று, "கூண்டோட நடக்குற கிளி" என்றார். "கிளி இல்ல, புலி" என்றாள் இவள்.

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். எலும்பை இழுத்தால் கூடவே சதையும் இழுபட வேண்டும், நாளாக நாளாக விறைப்பு கூடத்தான் செய்யும், குறையாது. பிசியோதான் முதல் நாளே சொன்னார். குறைந்திருக்கிறதே?

பழகிவிட்டிருக்கும். நல்லது நடக்கும்போதும் சந்தேகப்படுவது என் தொழில் புத்தி.

மார்ச் 18, செவ்வாய்

இருக்க வேண்டிய இடைவெளியில் பாதிதான் இருக்கிறது.

டாக்டர் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் அருகருகே வைத்தார். குரல் உயரவில்லை. "மாலையில திருகறதை விட்டுட்டீங்களா?"

"இல்ல சார்."

"குழந்தை அழுதா சில வீடுகள்ல விட்டுடுவாங்க. தப்புன்னு சொல்லல. எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

இடைவெளியில் வெள்ளையாக ஒரு நூல் ஓடியிருந்தது. புது எலும்பு இரு முனைகளையும் பிடிக்கப் பார்க்கிறதாம். முழுதாகப் பிடித்துவிட்டால் மறுபடி ஆபரேஷன் தியேட்டர். இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை என்பது அவர் கணிப்பு. உறுதி இல்லை.

வாலு வெளியே வாக்கரில் நின்று நர்ஸுக்குப் பூனை வீடியோ காட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தம்பியைக் கூப்பிட்டாள். நான் நடுவே போகவில்லை, போயிருக்க வேண்டும்.

"வலிக்கலன்னு அவ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்டா. திருகினாத்தானே வலிக்கும்! அவ மொகம் சுருங்கறதைப் பார்க்க முடியாம ஸ்பானரைச் சும்மா வெச்சு எடுத்திருக்க."

"அக்கா, சத்தியமா..."

"பேசாத. நான் தினம் அழ வெக்கிறேனே, எனக்கு மட்டும் கல்லு நெஞ்சா?"

வாலுதான் சாட்சி சொன்னாள். "மாமா தினமும் திருகினாரும்மா. நாலையும் திருகினாரு. நான் பாத்தேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு தரப்பும் உண்மையைச் சொல்கின்றன. படமும் உண்மை. அப்படியானால்?

மார்ச் 19, புதன்

விடுப்பு எடுத்தேன். காலையில் மைத்துனன் கடைக்குப் போய்ச் சொன்னேன்: "வந்து ஒரு தடவை செஞ்சு காட்டு. திருக வேண்டாம். எப்படி உட்காருவ, கையை எப்படி வைப்ப, அது போதும்."

"நீங்களும் நம்பலையா மச்சான்?"

"நம்புறதால்தான் கூப்பிடுறேன்."

வந்தான். வாலுவை மடியில் சாய்த்தான். நட்டில் ஸ்பானரை வைத்து, சிவப்பு அம்பு காட்டும் பக்கம் காற்றில் கையைச் சுழற்றினான். மனைவி பாதத்தருகே உட்கார்ந்து, எப்போதும் செய்வதுபோல் தன் கையைச் சுழற்றினாள். இருவரும் அவரவர் கண்ணுக்குக் கடிகாரப் பக்கம்தான் சுற்றினார்கள். ஆனால் பக்கவாட்டில் நின்ற எனக்கு, ஒரு கை என்னை நோக்கி வந்தது. மற்றது என்னைவிட்டு விலகிப் போனது.

தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்தேன். மூடியை மேலிருந்து பார்த்து ஒரு பக்கம் திருகினேன். கையை எடுக்காமல் அதே திசையில் திருகிக்கொண்டே, பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கி அடியிலிருந்து பார்க்கச் சொன்னேன். பக்கம் மாறியது. அடியில் இருந்த அம்பை அப்படியே மேலே வரைந்தால் அது எதிர்ப்பக்கம் காட்டும். காலையில் அம்மா நீட்டியதை மாலையில் மாமா சுருக்கியிருக்கிறான். ஒரு நாள் தவறாமல், பொறுப்பாக. சும்மா விட்டிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது.

இழுக்காத கால் எப்படி வலிக்கும்? நாங்கள் அதை நல்ல வாரம் என்று கொண்டாடினோம்.

மைத்துனன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "நட்டைப் பார்க்காம அம்பைப் பார்த்துட்டேன் மச்சான். கடையில ஒரு தடவைகூட இப்படிப் பண்ணதில்ல. இங்க இவ காலாச்சேன்னு பயம், அதான் அம்பையே நம்பினேன்."

சரி பார்த்தவன் நான். அதையும் அவனிடம் சொன்னேன். மனைவி அவன் தலையில் கை வைத்து, "எழுந்து மொகம் கழுவு" என்றாள். அவ்வளவுதான் அவளிடமிருந்து வந்தது. போதும்.

மார்ச் 20, வியாழன்

டாக்டரிடம் போனில் சொன்னேன். "இது எனக்குப் புதுசு. இனிமே எல்லார் வளையத்துலயும் ரெண்டு பக்கமும் நாங்களே குறிச்சு அனுப்புறோம்" என்றார். இரு வேளையும் சரியான பக்கம் திருக வேண்டும். நட்டு இறுகி நின்றால் பலவந்தம் கூடாது, உடனே போன் செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை படம் எடுத்துத்தான் தியேட்டரா இல்லையா என்று சொல்வாராம்.

வாலுவிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். அவள் கால். சொன்னேன்.

"நீங்கதானப்பா மாட்டாங்கன்னு சொன்னீங்க?"

"தெரியாம சொல்லிட்டேன்மா."

"பேப்பர்லயும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

மார்ச் 21, வெள்ளி

நட்டு இறுக்கமாக இருக்கிறது. நகர்கிறது, ஆனால் இறுக்கம். எலும்பு பிடித்துக்கொண்டதாலா? என் பயத்தாலா?

மார்ச் 22, சனி

அதே.

மார்ச் 24, திங்கள்

எனக்கு இன்றும் விடுப்பு. ஆனாலும் மாலையில் திருக மைத்துனனே வந்தான். வரமாட்டான் என்று நினைத்தேன். வேலையிலிருந்து சீக்கிரமே வந்த மனைவிதான் போய்க் கூட்டிவந்தாள். மடியில் வைத்துக்கொள்ளவில்லை, பாதத்தருகே உட்கார்ந்தான். சிவப்பு அம்பை எப்போதோ ஸ்பிரிட் போட்டு அழித்துவிட்டிருந்தான். ஒவ்வொரு நட்டுக்கும் என்னைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான், பிறகு திருகினான். மூன்றாவதில் வாலு கத்திவிட்டாள்.

"மாமா! வலிக்குது! பின்னாடி இழுக்குது!"

ஸ்பானரைப் பிடித்த கை நின்றுவிட்டது. மனைவி அவன் முதுகைத் தட்டினாள். "இன்னும் ஒண்ணுதான். திருகு."

திருகினான். அழுதுகொண்டேதான் திருகினான். வாலு அழுகைக்கு நடுவே அவனை ஒரு பார்வை பார்த்து, "வலிக்குறது எனக்கு, அழறது நீங்களா?" என்றாள்.

அதன்பின் மனைவி பாதத்தை மேலே மடக்கப் பார்த்தாள். வரவில்லை. கெண்டைச் சதை கயிறு மாதிரி விறைத்து நின்றது. "நீங்க தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளை வலியில் துடிக்கும்போது இப்படி மலர்ந்த முகம் பெற்றவர்களுக்கு வரலாமா?

கால் நீள்கிறது என்று எழுதமாட்டேன். விறைப்பு திரும்பியிருக்கிறது, அது மட்டும் உறுதி, நானே தொட்டுப் பார்த்தது. எலும்பு பிடித்துவிட்டதா, விலகுகிறதா என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை எக்ஸ்ரே. மதியத்துக்குள் சொல்லிவிடுவார்.

தியேட்டர் என்றால் அங்கேயே தங்க வேண்டிவரும். "பையில மாத்துத் துணி வெக்கட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

வேண்டாம் என்றேன். பிறகு, வை என்றேன்.

அவள் ஏற்கெனவே வைத்து, எடுத்தும் விட்டிருந்தாள்.