அழைப்பிதழில் ஒட்டிய பிள்ளையார்

புக்கிட் ரோத்தான்,
மார்கழி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. போனில் கூப்பிடாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. என் போன் உன் தம்பி வாங்கிக் கொடுத்தது, பில்லும் அவன் வேலை பார்க்கும் நாட்டிலிருந்தே கட்டுகிறான், கொஞ்ச நாளைக்கு இதிலிருந்து அக்காவைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்பா போனில் பேசலாம்தான், ஆனால் நான் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ எனக்குச் சமாதானம் சொல்வாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். இங்கே மழை விடவில்லை, பக்கத்து ஊர் அசாம் ஜாவாவில் நவமணி சின்னம்மா வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அப்பா முட்டிவலியோடு இன்னும் வாரத்துக்கு இரண்டு நாள் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார், வேண்டாம் என்றால் கேட்பாரா?

போன தடவை பேசும்போது நீ கடையில் எண்ணெயும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு நின்றதையும், பேங்க் கார்டு வேலை செய்யாமல், கூட வேலை பார்க்கும் பெண் பணம் கொடுத்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ யாரைக் கொன்றாய், யார் வீட்டைக் கொள்ளையடித்தாய்? சண்டையில் வீடு இழந்த சனங்கள் சொன்னதை எழுதி அனைத்துலக நீதிமன்றத்தில் வைத்தாய், அதுதானே உன் வேலை. அதற்காக உன் தம்பி இருக்கும் நாட்டு அரசாங்கம் உன் பெயரைத் தண்டனைப் பட்டியலில் போட்டு, பேங்க் கார்டும் ஓடாமல் செய்துவிட்டது. வேலையை விட்டுவிடு என்று சொல்லலாமென்றால், விட்டாலும் பெயர் உடனே போகாது என்கிறாய். இரு என்று சொல்லவும் வாய் வரவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், இப்போது இந்த வீட்டில் மத்தளம் நான்தான்.

தம்பி குமரவேலைக் கோபிக்காதே. அங்கேயே நிரந்தரமாகத் தங்க அவன் கொடுத்த மனு மார்ச்சில் விசாரணைக்கு வருகிறதாம். உன்னிடம் பணம் வாங்கக்கூடாது, கொடுக்கக்கூடாது, உனக்கு எந்த வேலையும் செய்து தரக்கூடாது, அவ்வளவுதான் அவனுடைய வக்கீல் சொன்னது. பேசக்கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் பயந்தவனுக்கு நிழலும் பேய்தானே. அக்கா பேரு என் கல்யாணக் கார்டுல வேணாம்மா, கல்யாணத்துக்கும் வர வேணாம்னு நீயே சொல்லிடு, எனக்கு வாய் வரல என்றான். முதலில் நன்றாகத் திட்டினேன். பிறகு, ஆறு வயதில் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவன் இப்படிப் பேசும்படி ஆகிவிட்டதே என்று நினைத்து அழுதேன். இவன் பிழைப்பு போனாலும் என் வயிறுதான் எரியும், உன் மனசு நொந்தாலும் அதே வயிறுதான் எரியும்.

சரி என்று உன் பெயர் இல்லாமல்தான் அழைப்பிதழைப் புனிதனின் அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன். உன்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவன், அந்தக் குண்டுப் பையன் புனிதன்தான். ஒரு வாரம் கழித்து நானூறு அழைப்பிதழையும் அவனே வீட்டில் கொண்டுவந்து வைத்தான். ஆன்டி, லோகா பேர மறந்துட்டீங்களே, நல்ல வேள நான் பார்த்தேன் லா, தங்க எழுத்துல போட்டிருக்கேன், அதுக்குக் காசு வேணாம் என்றான். மணமகனின் தமக்கை லோகேஸ்வரி, வழக்கறிஞர், அனைத்துலக நீதிமன்றம் என்று எங்கள் பெயருக்குச் சமமாகப் பளபளவென்று போட்டிருந்தான். அவனுக்குக் காப்பி கலந்து கொடுத்தேன், வேறு என்ன செய்ய? திரும்ப அச்சடிக்கச் சொன்னால் காரணம் கேட்பான், அந்த முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அவன் அழுதான்.

இனி எழுதப் போவதுதான் போனில் சொல்ல முடியாதது. கோல சிலாங்கூர் டவுனுக்குப் போய் சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் வாங்கி வந்து, நானூறு கார்டிலும் உன் பெயர் மேல் நானே ஒட்டினேன். அப்பா என்னோடு உட்கார்ந்து ஒட்ட மாட்டேன் என்று வெளியே போய் லோரியைக் கழுவினார். முதல் பத்துக்கு ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நாற்பதுக்குப் பிறகு கை பழகிவிட்டது, அது பழகியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நவமணி சின்னம்மா, கார்டுக்கு ரெண்டு பிள்ளையாரா, ரொம்ப விசேஷம் என்று மெச்சினாள். பக்கத்து வீட்டு லெட்சுமி மட்டும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு, என்னண்ணே, மவ யாரையாச்சும் இழுத்துக்கிட்டு ஓடிட்டாளா என்று கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பா நிதானமாக, எம்மவ ஓடுறவ இல்ல, அதாம்மா பிரச்சினையே என்றார்.

கார்டு இல்லாமல் டிக்கெட் எடுக்க முடியாவிட்டால் காசை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்க் கேட்டு வருவேன் என்றாயே. வராதே கண்ணு. பெற்றவள் இதை எழுதலாமா என்று கேட்காதே, எழுதிவிட்டேன். நம் வீட்டில் தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் அக்கா தங்கச்சி போடுவது. உனக்குப் பதிலாக நவமணியின் மகள் கங்காவை நிறுத்தலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரை மறைத்தாயிற்று, உன் இடத்தையும் வேறொருத்திக்குக் கொடுக்க மாட்டேன். அக்கா வேண்டாம் என்றவன் மூன்று முடிச்சையும் அவனே போட்டுக்கொள்ளட்டும், அப்போதாவது அக்கா ஞாபகம் வரட்டும் என்று பூசாரியிடமே சொல்லிவிட்டு வந்தேன். வரப்போகும் மருமகள் பிரேமலா நல்ல பிள்ளை, அண்ணி எப்ப வர்றாங்க அத்தை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் பாத்திரம் கழுவப் போனேன்.

மனு நல்லபடி முடிந்த பிறகு ஒருநாள் தம்பி உன்னைக் கூப்பிடுவான், என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கூப்பிடுவான். போனை எடுத்துவிடு. கோபம் வந்தால், ஒட்டியது அம்மா கை என்று நினைத்து என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் போனால் அதை நான் தாங்க மாட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும், தலை நிமிர்ந்தும் இருக்க வேண்டும், புக்கிட் ரோத்தான் மாரியம்மன் உன்னைக் காப்பாள். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். காலுறை போடாமல் தரையில் நடக்காதே. தை மாதம் பதினெட்டாம் தேதி முகூர்த்தம், இங்கே காலை ஒன்பதரை, உனக்கு நடுராத்திரி தாண்டி இரண்டரை மணி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்காதே அம்மா, தூங்கிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா தாயம்மா