அப்பா தேடும் பெயர்

புரூக்ளின்,
ஞாயிற்றுக்கிழமை, 19 ஆகஸ்ட் 1934

அன்புள்ள ஹெர்ஷல் அண்ணாவுக்கு,

நூற்றிருபது வயது வரை நீ நலமாக இருக்க வேண்டும். தங்கை ரெய்ஸல் எழுதுவது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ராச்செஸ்டரில் பேஸ்பால் ஆடும் உன்னைப் பெரிய அணி கூப்பிட்டிருக்கிறது என்று படித்ததும், தொப்பித் தொழிற்சாலையில் எல்லோரிடமும் நானே போய்ச் சொன்னேன். நான் வாயைத் திறந்ததே அவர்களுக்கு அதிசயம். "உங்கண்ணன் தொப்பி தைச்ச லட்சணத்துக்கு, பந்தடிக்கப் போனதே நல்லதாப் போச்சு" என்று மேஸ்திரி யாங்கல் மாமா கேலி செய்தார். ஆனால் முதலில் கை தட்டியவரும் அவர்தான். நீ விட்டுப்போன மெஷினில்தான் நான் உட்காருகிறேன். பள்ளிக்கூடத்தை நினைத்து நீ வருந்தாதே. தொப்பி தைப்பது பழகிவிட்டது.

ஒப்பந்தத்தில் ஜெலிக்மன் என்ற நம் குடும்பப் பெயர் வேண்டாம், 'ஹாரி கோல்' என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும், உனக்கு என்ன தோன்றுகிறது என்று என்னைக் கேட்டிருந்தாய். இதுவரை என்னிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. மூன்று நாளாக யோசிக்கிறேன்.

அம்மாவின் துடைப்பக் கட்டையை அறுத்து மட்டையாக்கிக்கொண்டு போய், நம் தெருவில் மூன்று சாக்கடை மூடிகளுக்கு அப்பால் பந்தை அடித்தவன் நீ. "யூதப்பயலே, போய்த் துணி வில்லுடா" என்று வெளியூர்க்காரர்கள் கத்தியபோது, அடுத்த பந்தை வேலிக்கு வெளியே அனுப்பியதாக எழுதினாயே, அந்தக் கடிதத்தை மடிப்புக் கிழியும் வரை படித்திருக்கிறேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

அப்பா இன்னும் அப்படியேதான். வளர்ந்த ஆண்பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா என்கிறார். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ஆனால் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மே மாதத்தில் ஒருநாள், குடியுரிமைத் தாளுக்கு வேண்டும் என்று சொல்லி, நம் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். நம் மொழி எழுத்தைத் தவிர அவர் வேறெதுவும் அறியார் அல்லவா? சமையலறை மேஜையில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். எந்தத் தாளும் வரவில்லை.

நேற்று சனிக்கிழமை, ஓய்வுநாள். காசைத் தொட முடியாது, பத்திரிகை வாங்க முடியாது. ஜெபக்கூடத்திலிருந்து அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இத்தாலிக்காரரின் முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை ஒட்டியிருப்பார்களே, அதன் முன் நின்றார். விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. கடைக்காரர் வெளியே வந்து, "நேத்து நல்லா அடிச்சிருக்கான், பெரியவரே. உங்களுக்கு வேண்டியவனா?" என்றார்.

"எம் பையன்" என்றார் அப்பா. ஆங்கிலத்தில்.

நான் அவர் கண்ணில் படாமல் அடுத்த தெரு வழியாக வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

பெயரை மாற்றாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அண்ணா. ஏச்சு கேட்பது நீ, நான் அல்ல. எந்தப் பெயரில் ஆடினாலும் நீ என் அண்ணன்தான். மாற்றுவதாக இருந்தால் மட்டும் முன்னாலேயே எழுது. புது எழுத்துகளை அவருக்குப் பழக்க எனக்குச் சில வாரம் வேண்டும். என்ன காரணம் சொல்லிப் பழக்குவது என்பதையும் நீயே எழுதிவிடு.

உன் கண்ணையும் கையையும் கடவுள் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள தங்கை,
ரெய்ஸல்