மாற்றுப் படிகத்துக்குப் பத்து எக்ஸ்ரே

நாள் 112, 09.10
நிலவுத் தளம். எழுதுவது இசக்கியம்மாள், படிக ஆய்வாளர். உடன் இருப்பவர் பொறியாளர் ஜெபராஜ் அண்ணன். வேறு யாரும் இல்லை. எங்கள் ஆக்சிஜன் வால்வைத் திறப்பது ஒரு ஃபெரோஎலெக்ட்ரிக் படிகம். மின்சாரம் கொடுத்தால் அதற்குள் இருக்கும் நானோ அளவுப் பகுதிகள் திசை திரும்பும், படிகம் நீளும், வால்வு திறக்கும். பூட்டிய வால்வு அறைக்கு வெளியிலிருந்தே மாதாந்திர எக்ஸ்ரே எடுத்தேன். ஆறில் ஒரு பங்கு திரும்பவில்லை.

நாள் 113, 10.40
இன்று ஆறில் இரண்டு பங்கு. மாற்றுப் படிகம் ஒன்றே ஒன்று இருக்கிறது. வால்வு அறையின் பூட்டு எண் தரைநிலையத்திடம். கேட்டேன். திட்டத் தலைவர் குலோத்துங்கனின் பதில்: "அவசரப்படாதீங்கம்மா. மாற்றுப் படிகத்தையும் எக்ஸ்ரே எடுத்து அனுப்புங்க. வித்தியாசம் தெரிஞ்சாத்தானே கமிட்டி ஒத்துக்கும்."
எடுத்தேன். பழுதே இல்லை. அனுப்பினேன்.

நாள் 114, 11.05
மறுபடியும் குலோத்துங்கன்: "ஒரு எக்ஸ்ரே போதாதும்மா. பத்து இருந்தாத்தான் முடிவு நிக்கும்."
நரம்பில்லாத நாக்கு, என்ன வேண்டுமானாலும் கேட்கும். மூச்சு விடுவது நாங்கள்.

நாள் 115, 08.20
எட்டாவது எக்ஸ்ரேயில் மாற்றுப் படிகத்தின் ஒரு மூலை திரும்பவில்லை. பத்தாவதில் பாதிப் படிகம். கதிர் பட்டுப் பட்டே செத்திருக்கிறது. கதிர் அதிகமானால் இந்தப் படிகம் கெடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் கேட்டார்கள், நான் எடுத்தேன். இதைப் படிக்கிறவர்களே, என்னையும் சேர்த்தே திட்டுங்கள்.
08.50: பூட்டு எண் வந்தது. நல்ல நேரம் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்!
13.30: இரண்டு படிகங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். வால்வு சரியாகத் திறக்கவில்லை.

நாள் 116, 07.15
வால்வு முக்கால்வாசி மூடிக்கொண்டது. வருகிற ஆக்சிஜன் ஒருவருக்குத்தான் போதும். வால்வைக் கையால் திறக்கும் திருகு தளத்துக்கு வெளியே இருக்கிறது. அண்ணன் திருப்பப் போயிருக்கிறார். உடையில் இரண்டு மணி நேரக் காற்று.
08.40: ரேடியோவில் அண்ணன், "ஸ்பானரு வழுக்குது இசக்கி. பயப்படாத. இன்னொருக்க பாக்கேன்."
09.05: உள்ளே வரச் சொல்லிக் கத்தினேன். "நான் உள்ள வந்தா ரெண்டு பேருக்கும் காணாது. நீ கதவத் தொறக்காத."
09.30: பதில் இல்லை.
09.31: பதில் இல்லை. அடப் பாவிகளா.

12.10
தரைநிலையம்: "ஆக்சிஜன் குறையறது நின்னுடுச்சு, பாத்தீங்களா? வால்வு தானா சரியாயிடுச்சு. படிகம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் வாழ்த்துக்கள்."
வால்வு அப்படியேதான் இருக்கிறது. மூச்சு விட இங்கே இப்போது ஒருத்திதான்.