உங்கள் பூனை என் வீட்டில் செய்த வேலை

மச்சாள்,

இன்று காலை உங்கள் அலுமாரியைத் திறந்தேன். பூனை மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டு தரம் தோய்த்து, வெயிலில் போட்டு, மடித்து வைத்த உங்கள் ஊதாச் சேலையில் இருந்து அது இன்னும் போகவில்லை. செத்தும் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டீர்கள் என்று வாய்விட்டே சொன்னேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். செத்த வீட்டில் வந்தவர்கள் போதுமான அளவுக்குப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். என் புருசனின் அக்கா என்ற உரிமையில் என் கறியில் உப்புப் பார்த்தீர்கள், நான் கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டினீர்கள். அது போதாதென்று ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவந்து அதற்குத் "தம்பி" என்று பெயரும் வைத்தீர்கள். ஒருநாள், "தம்பி சாப்பிட்டிட்டானோ?" என்று கேட்டீர்கள். "ஓம் மச்சாள், ரெண்டு இடியப்பம் கூட வைச்சனான்" என்றேன். "நான் பூனையைக் கேட்டனான்" என்றீர்கள். உங்கள் சொந்தத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒழுங்கையில் திரியும் நாய்களுக்குப் பயந்து அதை வெளியே விடமாட்டீர்கள். குளியலறை மூலையில் ஒரு பழைய பேசின், அதற்குள் மணல். எங்கள் புத்தூர்ச் செம்மண் அதற்கு ஆகாதாம். "வெள்ளை மணல் எண்டால்தான் அவன் ஒண்டுக்கு இருப்பான்" என்று என் புருசனைக் கடற்கரை வரைக்கும் அனுப்பினீர்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் இருந்தவரைக்கும் அது அந்தப் பேசினைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் துடக்குக் கழிக்க வீடு முழுவதையும் கழுவினேன். அந்தப் பேசினையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கி வைத்தேன். ஒரு கிழமைக்குள் தொடங்கிவிட்டது. முதலில் சாமியறை வாசல் மிதியடி, பிறகு என் புருசனின் சப்பாத்து, பிறகு அலுமாரிக்குள் ஏறி உங்கள் சேலை. மணலை மாற்றினேன். பேசினை இடம் மாற்றினேன். தேசிக்காய்த் தோல் போட்டுப் பார்த்தேன். பேசினுக்குள் ஏறி நின்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு வெளியே பாய்ந்துவிடும். நீங்கள்தான் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

"உரப்பையிலை போட்டுக் கொண்டுபோய்க் கொடிகாமச் சந்தையிலை விட்டுட்டு வாங்கோ. அங்கை மீன் தலை கிடைக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வழி தெரியாமல் இருக்கப் பையை மூன்று தரம் சுற்றவும் சொன்னாள். சுற்றினேன். ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனேன். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

சந்தையில் பையை அவிழ்த்தேன். ஓடும் என்று பார்த்தால் ஓடவில்லை. அந்த இடத்திலேயே குந்தி முக்கியது. நாலு சொட்டு விழுந்தது, அதுவும் இரத்தம் கலந்து. கத்திரிக்காய் விற்றுக்கொண்டிருந்த மனிசி எட்டிப் பார்த்தாள். "ஐயோ பிள்ளை, உதுக்கு மூத்திரம் கட்டிப்போச்சு. டொக்டரிட்டைக் கொண்டு ஓடுங்கோ" என்றாள். அவ்வளவு பேர் பார்க்க அதை விட்டுவிட்டு வர எனக்கு முகம் இல்லை. அதனால்தான் கொண்டு ஓடினேன்.

மிருக வைத்தியர் ஒரு சின்னப் பெட்டை. குழாய் விட்டு அடைப்பை எடுத்தாள். "இதுக்குக் கனநாளா மூத்திர வருத்தம் இருந்திருக்கு அக்கா. மணலிலை இருக்கேக்கை எரிஞ்சிருக்கும். மணல்தான் எரிக்குதெண்டு நினைச்சு வேறை வேறை இடமாத் தேடியிருக்கு. வேணுமெண்டு செய்யேல்லை" என்றாள்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று அவளைக் கேட்டேன், மச்சாள். பூனைக்காக இல்லை.

கடைசி இரண்டு மாதமும் நீங்கள் படுக்கையை நனைத்தீர்கள். வாளியை நிலத்தில் அடித்து அடித்துத்தான் நான் அந்தத் துணிகளைத் தோய்த்தேன். "வேணுமெண்டுதானே செய்யிறியள்?" என்று கேட்டும் இருக்கிறேன். ஒருநாள் நல்லூரில் ஒரு கலியாணத்துக்குப் போகப் புதுச் சேலை உடுத்துக்கொண்டு உங்கள் அறை வாசலில் வந்து நின்றேன். என்னைப் பார்த்து, "எனக்கு எரியுது பிள்ளை" என்றீர்கள். கலியாணமே கட்டாத உங்களுக்கு என் சேலையைப் பார்த்து வயிறு எரிகிறதாக்கும் என்று நினைத்தேன். "எரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

தம்பி பிழைத்துவிட்டது. இப்போது மணலில்தான் இருக்கிறது. அது மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டால் நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

ஆனால் உங்களில் எனக்குக் கோபம் போகவில்லை. எங்கே எரிகிறது என்று இன்னும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கிருமி உங்கள் சிறுநீரகம் வரைக்கும் ஏறிய பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், "எரியுது, நோகுது எண்டு இவ முந்தி ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று. "இல்லை டொக்டர், அவ ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தீர்கள். பதினெட்டு வருடம் என் பிழைகளைத் தேடித் தேடிச் சொன்ன நீங்கள், அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.