எனக்கு மட்டும் வெட்டிக் கொடுத்த படம்

முந்தாநாள் உங்கள் மனைவி ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தார். "கடையைக் காலி பண்றோமுங்க. படம்னா அண்ணாச்சிக்கு உசுரு, அவரே வெச்சுக்கட்டும்" என்று சொல்லியனுப்பினாராம். திறந்ததுமே உங்கள் சிடி கடையின் வாசனை அடித்தது. பழைய பிளாஸ்டிக் உறையும், நீங்கள் சிடி துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியும் கலந்த வாசனை. நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள்கூட முடியவில்லை. கண் கலங்கித்தான் போனேன், பொய் சொல்வானேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அடுக்கினேன். பெட்டியின் அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இருந்தது. அதில் ஒன்பது சிடிகள். ஒவ்வொன்றின் மேலும் உங்கள் கோணல் எழுத்தில் "சாம்பிள்" என்று எழுதியிருந்தது.

ஒன்றே ஒன்றுதான் என்று என்னிடம் சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

தப்புப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தவன் நான். ஒரு நாளைக்கு எத்தனை பனியனைத் திருப்பிப் பார்த்தாலும் கண் ஓயாது. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவாக இருந்தாலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு இங்கிலீஷ் படத்தைக் கையில் எடுத்து, "இதைப் போய்க் குடும்பத்தோட பார்க்கக் குடுக்கீங்களே" என்று சண்டைக்கு வந்தேன். நீங்கள் கோபப்படவில்லை. "அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. எழுதிக் குடுங்க, ஒட்டி வெச்சர்றேன்" என்றீர்கள்.

அப்படித்தான் அந்தத் தாள் பிறந்தது. "ஊட்டுல பாக்கலாமா?" என்ற தலைப்பு நீங்கள் வைத்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டிய அதைப் படித்துவிட்டுத்தான் ஞாயிறுக்குப் படம் எடுப்பார்கள். மதிப்பெண்ணும் எங்கள் கம்பெனி வழக்கப்படிதான்: பாஸ், ஆல்டர், ரிஜெக்ட். ஆல்டர் என்றால் கொஞ்சம் சரிசெய்து பார்க்கலாம் என்று அர்த்தம். "நாற்பதாவது நிமிஷத்தில் பிள்ளைகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பவும், சொம்பு பெரிதாக இருக்கட்டும்" என்று ஒருமுறை எழுதினேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். டெய்லர் பெண்கள் வழியில் என்னைப் பார்த்தால், "சார், இந்த வாரம் என்னங்க பாஸு?" என்று கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொதுவாகச் செக்கிங்காரனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், என் பேச்சை நம்பி இந்த ஊரில் ஒருவர் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல்முறை.

சாம்பிள் வித்தையை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொன்னேன். வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையருக்கு அப்ரூவலுக்கு அனுப்பும் சாம்பிள் பீஸ் ஒரு துணியில், அப்புறம் கப்பல் ஏறும் சரக்கு வேறு துணியில். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட செக்கிங்காரன் தலையில் எல்லாம் விடியும். அதனால்தான் அந்த வேலையை விட்டேன் என்றேன். "அடப்பாவத்த, இப்படியெல்லாமா பண்ணுவாங்க" என்று நீங்கள் வாய் பிளந்தீர்கள்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். பனி கொட்டும் ஏதோ ஒரு துறைமுக ஊர். ஜெயிலிலிருந்து வெளியே வரும் ஒருவன், தன்னைக் காட்டிக் கொடுத்த கூட்டாளியைத் தேடுகிறான். உங்கள் கடையின் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தேன். கூட்டாளியை ஒரு மீன் கிடங்குக்குள் இழுத்துப் போகிறார்கள், கதவு மூடுகிறது. அடுத்த காட்சியில் அவன் ஒரு ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறான், கையில் பெரிய கட்டு. விட்டுப்போன தையல் மாதிரி அது என் கண்ணில் பட்டது. "என்னங்க, கட்டு எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். நீங்கள் டீ கிளாஸை நீட்டிக்கொண்டே, "இங்கிலீஷ் படமெல்லாம் அப்படித்தானுங்க. நாமளா புரிஞ்சுக்கோணும்" என்றீர்கள்.

நான் புரிந்துகொண்டேன். உட்கார்ந்து எழுதினேன்: "பாஸ். கொடூரம் எதையும் காட்டாமல் கையில் போட்ட கட்டை மட்டும் காட்டி, மீதியை நம் ஊகத்துக்கு விட்டுவிடும் இயக்குநரின் நாகரிகம் பாராட்டத்தக்கது. பிள்ளைகளோடு பார்க்கலாம்." உங்கள் கத்தரியை இயக்குநரின் நாகரிகம் என்று நான் பாராட்டியிருக்கிறேன். நீங்கள் அதை நின்றபடியே முழுசாகப் படித்தீர்கள். "பிரமாதமுங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் பசையைத் தடவினீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் கட்டிங் மாஸ்டர் அதை நம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் படத்தை எடுத்துப் போனார். துணியை அடுக்கடுக்காக வைத்து மின்சாரக் கத்தியால் வெட்டுகிற வேலை அவருக்கு. மறுவாரம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "ஏனுங்கண்ணா, அந்தப் படத்தை நீங்க பாத்தீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவர் மகள் கோகிலாவுக்கு அப்போது ஏழு வயது. படத்தில் மின்சாரக் கத்தியால் ஒருவன் விரல்களை வெட்டுகிறார்களாம். அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே நிறுத்தி அவருடைய இரண்டு கையையும் விரித்துப் பிடித்து விரல்களை எண்ணுகிறதாம் பிள்ளை. பத்தும் இருந்தால்தான் உள்ளே விடுகிறது. ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் மாட்டும் இரும்பு வலைக் கையுறையை அவர் இப்போது தினமும் மாட்டுகிறாராம், பிள்ளைக்குக் கொடுத்த வாக்குக்காக.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படி ஒரு சீனே படத்துல கிடையாது. பிள்ளை எதையோ கனவு கண்டிருக்கும்" என்றேன். அழுத்திச் சொன்னேன். அவர் எழுந்து போனார். ஏழு வயதுக் குழந்தையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு நான் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சாயந்திரம் கடைக்கு வந்தேன். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். வாடகைக்குக் கொடுக்கும் சிடியை அலமாரியிலிருந்து நானே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கிடங்கு வந்தது. கதவு மூடியதோடு முடியவில்லை. கேமரா உள்ளே போனது, நிதானமாக நின்றது. ஒரு விரலைக்கூட விட்டுவைக்கவில்லை. அவன் கத்துகிற கத்தலைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது கோகிலாதான்.

நீங்கள் வந்தீர்கள், டிவியைப் பார்த்தீர்கள், செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றீர்கள். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து எனக்கென்று தனியாக வெட்டி வாங்கியதை ஒப்புக்கொண்டீர்கள். "நீங்க ரிஜெக்ட்னு எழுதிட்டா ஒருத்தரும் தொடறதில்லீங்க. புதுப் படம், சும்மா கெடந்தா என்னுங்க பண்றது?" "எத்தனை படம் இப்படி?" என்று கேட்டேன். "இது ஒண்ணேதானுங்க அண்ணாச்சி. நம்புங்க." மாஸ்டர் மகள் விரல் எண்ணுவதைச் சொன்னேன். பிறகு நீங்களாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "மாஸ்டர் ஊட்டுக்கு நானே போய் உள்ளதச் சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க. நீங்க சங்கடப்படாதீங்க."

வேறு யாராவது என்றால் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது சனிக்கிழமை என்றும் பாராமல் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் நீங்கள். என் மகள் முகத்தை எனக்கும் முன்னால் பார்த்தவர். நான்கு நாள் கழித்து, "போய்ட்டு வந்துட்டனுங்க. எல்லாஞ் சொல்லிட்டேன். மாஸ்டர் பெருசா எடுத்துக்கலீங்க" என்றீர்கள். அத்தோடு விட்டேன்.

கம்பெனி விடவில்லை. செக்கிங் சார் படத்தைப் பார்க்காமலே பாஸ் போட்டுவிட்டார் என்று பேச்சு பரவியது. லைனில் ஏதாவது பீஸை நான் திருப்பி அனுப்பினால், "இதையாச்சும் பாத்தீங்களா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும், நான்கு பேர் சிரிப்பார்கள். செக்கிங்காரனுக்கு அதைவிடப் பெரிய செருப்படி இல்லை. உண்மையைச் சொன்னால் உங்கள் கடைக்கு ஒருவரும் வரமாட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாஸ்டருக்கு மட்டுமாவது தெரியுமே என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். அவரும் சீக்கிரமே முதலிபாளையத்தில் சொந்தமாக யூனிட் போட்டுப் போய்விட்டார். தாளைக் கண்ணாடியிலிருந்து கிழித்தோம். நீங்களும் நானும் மட்டும் பழையபடி டீ குடித்தோம். மூன்று வருஷம், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாள் வரைக்கும்.

இப்போது ஒன்பது சிடி. ஒரு பெட்டியில் தப்பு வந்தால் அடுத்த பெட்டியையும் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அதனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலிபாளையத்துக்குப் போனேன்.

மாஸ்டர் வாசல்வரை வந்து கூட்டிப் போனார். கோகிலா நெடுநெடு என்று வளர்ந்துவிட்டாள், காபி கொண்டுவந்து வைத்தாள். இப்போது விரல் எண்ணுவதில்லையாம். உங்கள் சாவைப் பற்றிப் பேசினோம். பிறகு மெல்லக் கேட்டேன், அந்தப் படம் விஷயமாக நீங்கள் அவர் வீட்டுக்கு வந்தீர்களா என்று.

"வந்தாருங்கண்ணா. மறக்க முடியுமுங்களா? 'அண்ணாச்சி படத்தையே பாக்காம எழுதிப்போட்டாரு. புள்ளகுட்டிக்காரரு, வேலை அசதி. மனசுல வெச்சுக்காதீங்க, கம்பெனியில பெருசு பண்ணாதீங்க'ன்னு உங்களுக்காகக் கையெடுத்துக் கும்பிட்டாருங்க. நானும் அன்னைக்கே விட்டுட்டேன். உங்க மேல அவருக்கு அத்தன பாசமுங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்படி இல்லங்க மாஸ்டர், நான் பார்த்தேன். எனக்குக் குடுத்த சிடியில அந்த சீனை வெட்டி எடுத்துட்டாரு" என்று எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே என் பேச்சு நொண்டியாகக் கேட்டது. மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "அவரு போய்ட்டாருங்கண்ணா. இப்ப எதுக்குங்க அதெல்லாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். செத்தவர் தலையில் பழியைப் போட வந்த ஆளிடம் எவ்வளவு மரியாதையாகப் பேச முடியுமோ அவ்வளவு மரியாதையாக.

அந்த ஒன்பதையும் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டுக் காட்டலாம்தான். உங்கள் மனைவி நல்ல மனசோடு கொடுத்தனுப்பியதை உங்களுக்கு எதிராகச் சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு போக எனக்குக் கை வரவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தால் கடை வாசலில் நின்று நான்கு பேர் கேட்கக் கத்தியிருப்பேன், ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு எப்படியும் டீ குடிக்க வந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டீர்கள். நான் செய்யாத தப்புக்கு நீங்கள் கும்பிட்டு வாங்கிக் கொடுத்த மன்னிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது, அது வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.